தொலைதூரக் கல்வியில் காடு படிக்கப் போய் 33,500 ரூபாயைத் தொலைத்த கதை

தென்காசிப் பக்கம் எனக்கு ஊர். தாவரவியலில் பி.எஸ்சி. முடித்துவிட்டு உரக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். வேலையை விடாமல் காட்டுச் சூழலியலில் முதுகலை படித்துவிட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அதை மோப்பம் பிடித்த மாதிரி போனில் ஒரு விளம்பரம் வந்தது: 'எம்.எஸ்சி. வனச் சூழல் அமைப்பு, தொலைதூரக் கல்வி, களப்பயிற்சி உண்டு.' மதுரையில் ஒரு படிப்பு மையம். பட்டம் கொடுப்பது வடமாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்று. புகார் நடந்துகொண்டிருப்பதால் இருவர் பெயரையும் இங்கே எழுதவில்லை.

எடுத்த எடுப்பில் ஏமாந்துவிடவில்லை. யுஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவு, டெப் என்பார்களே, அதன் பட்டியலைத் திறந்து பார்த்தேன். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தது. அத்தோடு மூடிவிட்டேன். அங்கேதான் கோட்டை விட்டேன். அந்தப் பட்டியலில் அனுமதி பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாக இல்லை. எந்தப் படிப்புக்கு, எந்தப் பருவச் சேர்க்கைக்கு என்று தனித்தனியாகத்தான் இருக்கும். இவர்களுக்கு எம்.பி.ஏ.வும் சில எம்.ஏ.க்களும் இருந்தன. எம்.எஸ்சி. ஒன்றுகூட இல்லை. நான்தான் அதுவரை இறங்கிப் பார்க்கவில்லை.

முதல் வருடக் கட்டணம் 24,000. பத்தாவதிலிருந்து பி.எஸ்சி. வரை அசல் சான்றிதழ்களையும் 'வெரிஃபிகேஷனுக்கு' என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். பாடப்புத்தகம் வந்தது. அமேசான் உண்டு, சைபீரிய ஊசியிலைக் காடு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு முக்கால் பக்கம். இந்தியக் காடுகளைச் சாம்பியன், சேத் என்ற இரண்டு வனவியலாளர்கள் 1968-ல் 16 வகைத் தொகுதிகளாகப் பிரித்தார்களே, முதுகலைப் புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரியாவது வேண்டாமா?

அப்புறம் களப்பயிற்சி. கொடைக்கானல், இரண்டு நாள், தனியாக 6,500 ரூபாய். 'வனத்துறை அனுமதி எல்லாம் வாங்கியாச்சு' என்றார்கள். வேன் போய் நின்றது ஒரு ரிசார்ட்டில். அதன் பின்பக்கச் சரிவில் மரங்கள். கூட வந்தவர் அதைக் காட்டி, 'இதுதான் சோலைக்காடு' என்றார். எல்லாம் சீகை மரம்! வெள்ளைக்காரர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம். சோலைக்குள் நுழைந்தால் பகலிலேயே இருட்டும், காலடியில் ஈரமும், கிளையெல்லாம் பாசியுமாக இருக்கும். இங்கே வெயில் பளீரென்று அடித்தது. பத்து மீட்டர் சதுரத்துக்கு நைலான் கயிறு கட்டச் சொன்னார். மரத்தின் சுற்றளவை எடுக்க அவர் பையிலிருந்து வெளியே வந்தது தையற்காரர் டேப். இடுப்பு உயரத்தில் வைத்து அளந்தார். தரையிலிருந்து 1.37 மீட்டரில், மார்பு உயரத்தில் அளக்க வேண்டும் என்பது பி.எஸ்சி.யிலேயே படித்தது. மெதுவாகச் சொன்னேன். 'ரெக்கார்டுல 1.37னு எழுதிக்கப்பா' என்றார். அவர் ஒரு டியூஷன் சென்டரில் விலங்கியல் எடுப்பவர் என்று திரும்பி வரும்போது டிரைவர் சொல்லித்தான் தெரிந்தது.

அதைவிடக் கூத்து, பிராஜெக்ட். யாரோ செய்த ஆய்வேட்டின் ஜெராக்ஸ் ஒன்றைக் கையில் கொடுத்து, 'இதில் இருக்கும் எண்களையே போடு' என்றார்கள். முதுமலை மரங்களைப் பற்றிய தரவு அது. முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தார் 1988-ல் 50 ஹெக்டேர் நிரந்தர ஆய்வுக் களம் அமைத்து, மரம் மரமாக எண் போட்டு வருடக்கணக்காகப் பின்தொடர்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தின் பெயரைப் போட்டு நான் உட்கார்ந்த இடத்திலிருந்து காப்பியடிக்க வேண்டுமாம். அன்றைக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.

கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்த மேடத்துக்குப் போன் செய்தேன். 'டெப் ஐடி எடுத்தியாப்பா?' என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. 2024-லிருந்து தொலைதூரப் படிப்பில் சேரும் மாணவரே அந்த எண்ணை உருவாக்கிக்கொள்ள வேண்டும். என்னிடம் யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பிறகுதான் பட்டியலை முழுதாகப் பார்த்தேன். பல்கலைக்கழகத்துக்கே போன் போட்டேன். 'அப்படி ஒரு படிப்பு எங்களிடம் தொலைதூரத்தில் கிடையாது, மதுரையில் மையமும் கிடையாது' என்றார்கள். வேறு மாநிலத் தனியார் பல்கலைக்கழகம் இங்கே மையம் வைத்துத் தொலைதூரப் படிப்பு நடத்தவே கூடாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

பரீட்சைக் கட்டணம் 3,000 உட்பட மொத்தம் 33,500. ரசீதுகளை எடுத்துப் பார்த்தால் ஒன்றில்கூடப் பல்கலைக்கழகத்தின் பெயர் இல்லை. ஏதோ அறக்கட்டளையின் பெயரில், 'நன்கொடை' என்று அச்சடித்திருக்கிறது! வாங்கும்போது தொகை சரியா என்று மட்டும்தான் பார்த்தேன். கணக்கு எழுதுகிறவன் செய்கிற காரியமா இது? இப்போது அவர்கள் சொல்வதும் அதுதான்: 'நீங்களாகத் தந்த நன்கொடை.'

அசல் சான்றிதழை வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்பை அச்செடுத்துக்கொண்டு நேரில் போய் நின்றேன். மூன்றாவது தடவையில் கொடுத்துவிட்டார்கள். பணத்தில் 12,000 வந்திருக்கிறது. மிச்சத்துக்குக் காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுத்திருக்கிறேன். நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்தாயிற்று.

தொலைதூரத்தில் படிப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் அறிவியல் எம்.எஸ்சி. இருக்கிறது, அடுத்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரிக்கோ டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ போக என்னைப்போல் வேலைக்குப் போகிறவனுக்கு வசதிப்படாது. என்னோடு அந்த வேனில் வந்தவர்கள் பதினொரு பேர். அவர்களில் யாராவது இதைப் படித்தால், முதலில் அசல் சான்றிதழை வாங்கிவிடுங்கள். பணத்தைப் பற்றிப் பேசுவது அதற்கப்புறம். நன்கொடை ரசீதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், புகாரில் அதையும் சேர்க்க வேண்டும்.