ஒழுகும் ஸ்கைலைட்டுக்கு சிலிகான் அடிக்கும் முன்: 18 வருட அனுபவம்

போன வாரம் நண்பன் போன் பண்ணினான். "மாடிப்படி மேல இருந்த ஸ்கைலைட்டை மாத்திட்டியாமே? எங்க வீட்டுல இருக்கிறதும் ஒழுக ஆரம்பிச்சிருச்சுடா. ஒரு டியூப் சிலிகான் அடிச்சா போதும்ங்கிறாங்க. அடிக்கட்டுமா, மாத்தட்டுமா, இல்ல ஒரேயடியா மூடிடட்டுமா?" அரை மணி நேரம் பேசியும் முழுசாகச் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். அவனைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும்.

எங்களுடைய ஸ்கைலைட், அதாவது வெளிச்சத்துக்காகக் கூரையில் வைக்கும் ஜன்னல், 2006-ல் வைத்தது. மாடிப்படிக்கு நேர் மேலே, கான்கிரீட் தளத்தில் 1.2 மீட்டருக்கு 1.2 மீட்டர் திறப்பு. அதன் மேல் பால் நிற அக்ரிலிக் குமிழ். 2024-ல் அதைக் கழற்றிவிட்டு இரட்டைக் கண்ணாடி போட்டோம். புதிது வந்து ஒரு வெயில், ஒரு மழை, ஒரு பனிக்காலம் முழுசாகப் பார்த்தாயிற்று.

முதல் ஒன்பது வருஷம் ஒரு குறை சொல்ல முடியாது. பகலில் படிக்கட்டு விளக்கைப் போட்டதே இல்லை. பால் நிறக் குமிழ் வெளிச்சத்தை அப்படியே கொட்டாது, பரப்பிக் கொடுக்கும். கூர்மையான நிழல் எங்கேயும் விழாது. அம்மா மத்தியானத்தில் பேப்பரை எடுத்துக்கொண்டு வந்து ஐந்தாவது படியில்தான் உட்காருவார். வீட்டில் கண்ணாடி போடாமல் எழுத்துத் தெரிகிற ஒரே இடம் அதுதான் என்பார்.

2015 மழையில் முதல் சொட்டு விழுந்தது. ஆறாவது படியின் ஓரத்தில், கைப்பிடிக்குப் பக்கத்தில். மழை நின்று இரண்டு மணி நேரம் ஆன பிறகும் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தாமதத்தை நான் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். குமிழில் நேரடியாக ஓட்டை இருந்தால் மழை பெய்யும்போதே ஒழுகும், மழை விட்டதும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். விட்ட பிறகும் வருகிறது என்றால் தண்ணீர் எங்கேயோ தேங்கி ஊறி வருகிறது.

வேலைக்கு வந்தவர் மேலே ஏறினார், குமிழின் விளிம்பைச் சுற்றி சிலிகான் அடித்தார், இறங்கினார். ஒரு மழைக்காலம் தாங்கியது. அடுத்து மறுபடி சொட்டு, மறுபடி சிலிகான். இப்படி ஐந்து முறை. ஆள் மாறினார், டியூப் மாறியது, வைத்தியம் மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு முறையும் சொட்டு விழும் இடம் ஒரு படி தள்ளிப்போனது. அடைத்த இடத்தை விட்டுவிட்டு தண்ணீர் வேறு வழி தேடிக்கொண்டது.

2024 ஆரம்பத்தில் ஒரு வயதான மேஸ்திரி வந்தார். அவர் டியூபைக் கையிலேயே எடுக்கவில்லை. "தம்பி, ஹோஸ் இருக்கா? பாப்பாவைப் படியில உட்கார வைங்க" என்றார். தண்ணீரை மேலேயிருந்து அடிக்கவில்லை. முதலில் தளத்தில், திறப்பைச் சுற்றி எழுப்பியிருந்த கட்டைச்சுவரின் அடியில் மட்டும் கால் மணி நேரம் விட்டார். அப்புறம் கட்டைச்சுவரின் பக்கங்கள், அப்புறம் சட்டம், கடைசியாகத்தான் குமிழ். கீழேயிருந்து மேலே போக வேண்டும், ஏனென்றால் தண்ணீர் கீழ்நோக்கித்தான் ஓடும். உச்சியில் ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும், எந்த வழியாக நுழைந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. மேஸ்திரி தளத்தில் விட்ட பன்னிரண்டாவது நிமிஷத்தில் கீழேயிருந்து மகள், "அப்பா, வருது!" என்று கத்தினாள். குமிழ் மேல் அப்போது ஒரு சொட்டுகூடப் படவில்லை.

ஒன்பது வருஷமாக நாங்கள் விளிம்பை அடைத்துக்கொண்டிருந்தோம். முதல் வழி கட்டைச்சுவரும் தளமும் சேரும் மூலையில் இருந்தது. அங்கே பூச்சில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். உள்ளே போன தண்ணீர் பூச்சுக்குப் பின்னால் இரண்டடி நகர்ந்து ஆறாவது படிக்கு மேலே வெளியே வந்திருக்கிறது. ஒழுகுகிற இடமும் நுழைகிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

அதற்காகக் குமிழ் நல்ல நிலையில் இருந்தது என்று சொல்லிவிட முடியாது. கழற்றும்போது பார்த்தேன். ஐந்து அடுக்கு சிலிகான், பாம்புச் சட்டை மாதிரி நீளமாக உரிந்து வந்தது. ஓர் அடுக்கு அடுத்த அடுக்கோடு ஒட்டியிருக்கவே இல்லை, நடுவில் ஈரமும் பச்சைப் பாசியும். காய்ந்துபோன சிலிகான் மேல் புது சிலிகான் சரியாகப் பிடிக்காது, பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். அடிக்கும்போது புளித்த காடி வாசம் வருகிற ரகம் சிமென்ட்டில் நிலைக்காது, உலோகத்தையும் அரிக்கும். எங்களுக்கு ஐந்து முறையும் அந்த வாசம்தான் வந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது அடுத்து பார்த்த விஷயத்தில்தான். அலுமினியச் சட்டத்தின் கீழ் விளிம்பில் சின்னச் சின்னத் துளைகள் இருந்தன. சட்டத்துக்குள் போகிற மழைத்தண்ணீரும் உள்ளே வியர்க்கிற ஈரமும் வெளியே வடிவதற்காகவே செய்பவர்கள் வைத்த துளைகள் அவை. அத்தனையும் சிலிகானால் அடைபட்டிருந்தன. வெளியே போக வழியில்லாத தண்ணீர் சட்டத்துக்குள்ளேயே நிறைந்து வீட்டுக்குள் இறங்கியிருக்கிறது. முதலில் ஒரு வழியாக ஒழுகியதை நாங்கள்தான் இரண்டு வழியாக ஆக்கியிருக்கிறோம். இதில் அந்த வேலைக்காரர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. "எங்கேயும் ஓட்டை இல்லாம அடைச்சிடுங்க" என்று பக்கத்தில் நின்று சொன்னவன் நான். ஆனால் தினமும் இதே வேலை செய்கிறவர், இந்தத் துளை எதற்கு என்று ஒருமுறையாவது கேட்டிருக்கலாம். அந்த ஆதங்கம் இன்னும் போகவில்லை.

பொருத்தியதிலும் தவறு இருந்தது. அக்ரிலிக் சூட்டில் கண்ணாடியைப் போல எட்டு மடங்குக்குக் கிட்ட விரியும். எங்கள் அளவுக்குக் கணக்குப் போட்டால், 40 டிகிரி ஏற்ற இறக்கத்தில் 1.2 மீட்டர் அக்ரிலிக் ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். அதன் கீழே இருக்கிற கான்கிரீட் அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் நகரும். அதனால் ஸ்க்ரூ துளையைப் பெரிதாகப் போட்டு, ரப்பர் வாஷர் வைத்து, கொஞ்சம் இடம் விட்டு முடுக்க வேண்டும். எங்களுக்கு இறுக்கி முடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவைச் சுற்றியும் நட்சத்திரம் மாதிரி விரிசல். மேற்பரப்பு முழுக்க மங்கல்.

சரி, எப்போது மாற்றுவது? கண்ணாடியின் உள்பக்கம் மழையே இல்லாத குளிர்ந்த காலையில் நனைந்திருந்தால் அது ஒழுகல் இல்லை. வீட்டின் வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டு வியர்ப்பது அது. காற்றோட்டம் கொடுத்துப் பாருங்கள், அதற்காக ஸ்கைலைட்டை மாற்ற வேண்டியதில்லை. இரட்டைக் கண்ணாடியில், எந்தப் பக்கம் துடைத்தாலும் போகாத மூட்டம் நடுவில் தங்கிவிட்டால், ஓரத்துச் சீல் போய்விட்டது. இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஓரமாக ஓடும் பட்டைக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் இருக்கும், அவையும் நிரம்பிவிட்டன என்று அர்த்தம். அப்போதும் சட்டம் நன்றாக இருந்தால் கண்ணாடித் தொகுதியை மட்டும் மாற்றலாம், முழுசாக உடைக்கத் தேவையில்லை. பிளாஸ்டிக் குமிழில் விரிசல் விட்டால் மட்டும் தள்ளிப்போடவே கூடாது. வெயிலில் காய்ந்து நொறுங்கும் பதத்துக்கு வந்த குமிழ் ஆள் பாரம் தாங்காது. மாடிக்குப் போகிறவர்கள், குறிப்பாகக் குழந்தைகள், அதன் மேல் காலோ உடம்போ வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்கைலைட் வழியாகக் கீழே விழுந்து உயிர் போனவர்கள் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் விட முக்கியமான நேரம் ஒன்று உண்டு, அதை நான் தவற விட்டேன். 2019-ல் மாடி முழுக்க வாட்டர் ப்ரூஃபிங் செய்தோம். பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, வாட்டம் பார்த்து, புதுப் பூச்சு போட்டார்கள். அப்போது ஸ்கைலைட்டுக்கு 13 வயது. "அதையும் சேர்த்து மாத்திடலாமா" என்று கேட்டார்கள். சிலிகான் அடித்து ஒரு வருஷம்தான் ஆகிறது, சொட்டும் இல்லை என்று வேண்டாம் என்றேன். ஐந்து வருஷம் கழித்து அதே புதுப் பூச்சைச் சுற்றிலும் உடைத்துத்தான் வேலை செய்ய வேண்டியிருந்தது. ஸ்கைலைட்டின் காப்பு அதன் கண்ணாடியில் இல்லை, கூரையோடு சேரும் இணைப்பில் இருக்கிறது. கான்கிரீட்டானால் கட்டைச்சுவர் மேல் ஏறி மடியும் நீர்த்தடுப்புப் பூச்சு, ஓட்டுக்கூரையானால் ஓடுகளுக்கு அடியில் படிப்படியாகச் செருகும் உலோகத் தகடு. கூரையைத் திறக்கிற அன்றைக்கே பழைய ஸ்கைலைட்டையும் எடுத்துவிட்டால் ஒரே இணைப்பாக முடிந்துவிடும். இரண்டு வேலையாகப் பிரித்தால் நடுவில் ஒட்டு விழும், அந்த ஒட்டில்தான் தண்ணீர் நுழையும்.

மாற்றியபோது செய்தது இவ்வளவுதான். பழைய கட்டைச்சுவர் தளத்திலிருந்து மூன்று விரல் உயரம்தான் இருந்தது, அதை 15 செ.மீ.க்குக் குறையாமல் உயர்த்தினோம். ஒரு பக்கம் இன்னும் அதிகம். குமிழுக்கு வளைவு இருக்கிறது, தானாக வடியும். தட்டையான கண்ணாடிக்கு வாட்டம் கொடுக்காவிட்டால் தண்ணீரும் தூசியும் நடுவிலேயே நிற்கும். நீர்த்தடுப்புப் பூச்சைக் கட்டைச்சுவரின் தலை வரை ஏற்றி, அதன் மேல் சட்டத்தின் உலோக விளிம்பு குடை மாதிரி கவிழ்ந்து இறங்கும்படி வைத்தார் மேஸ்திரி. வடிதுளைகளை என்னிடம் விரல் வைத்துக் காட்டினார். வருஷத்துக்கு இரண்டு முறை ஒரு குச்சியால் நானே குத்திச் சுத்தம் செய்கிறேன்.

கண்ணாடியில் ஒன்றே ஒன்றில் பிடிவாதமாக இருங்கள்: தலைக்கு மேலே வருவதால் உள்பக்கத் தகடு லேமினேட்டட் ஆக இருக்க வேண்டும். உடைந்தாலும் நடுவில் உள்ள படலத்தில் சில்லுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். டஃபன்டு, அதாவது சூட்டில் வலுவேற்றிய கண்ணாடி மட்டும் போட்டால் உடையும்போது அத்தனை துண்டும் ஒரே நேரத்தில் கீழே கொட்டும். வெளித்தகட்டுக்கு டஃபன்டு சரி. வெயிலுக்கு லோ-ஈ பூச்சு, அதாவது சூட்டைத் திருப்பி அனுப்பும் மெல்லிய பூச்சு உள்ளதை எடுத்தோம். எவ்வளவு சூடு உள்ளே வரும் என்பதற்கு 0 முதல் 1 வரை ஓர் எண் கொடுப்பார்கள், குறைய இருந்தால் நல்லது. எங்களுடையது 0.28. கூரைக் கண்ணாடியில் உச்சி வெயில் நேராக இறங்கும், சுவர் ஜன்னலுக்குப் போடுவதை அப்படியே இங்கே போட்டுவிடாதீர்கள்.

ஒரு வருஷத்துப் பலன்: ஒரு சொட்டு இல்லை. கோடையில் மேல்படியில் நின்றால் உச்சந்தலை சுடும், அது போய்விட்டது. அடைமழையில் குமிழ் பறையடித்த மாதிரி அதிரும், இப்போது மழை பெய்வதே உள்ளே தெரிவதில்லை. மகளின் அறை படிக்கு அடுத்தது, ராத்திரி மழையில் இப்போதுதான் அவள் முழுசாகத் தூங்குகிறாள்.

ஆனால் நான் கேட்க மறந்தது ஒன்று. கண்ணாடியைத் தெளிவாக எடுத்துவிட்டேன். பழைய குமிழ் வெளிச்சத்தைப் பரப்பிக் கொடுத்தது, இது சதுரமாக வெட்டி எறிகிறது. பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை ஒரு வெள்ளைக் கட்டம் படிகளில் மெதுவாக இறங்கும். அந்த நேரத்தில் கீழே வரும் அம்மா ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, மறு கையால் கைப்பிடியைத் தேடுகிறார். ஐந்தாவது படியில் இப்போது உட்காருவதில்லை. உள்ளே திரை போட்டோம், கண் கூச்சம் குறைந்தது, வெளிச்சமும் சேர்ந்தே போனது. வெளிச்சத்தைப் பரப்பும் பால் படலம் வைத்தே லேமினேட்டட் கண்ணாடி கிடைக்கிறது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அம்மா கையால் தடவித் தடவி இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது.

அதனால் இன்றைக்கு என் தீர்ப்பைக் கேட்டால் இப்படித்தான் சொல்வேன். கண் கூசுவதைத் தவிர மற்ற எல்லா விதத்திலும் புதிது பழையதைவிட நல்லது. ஆனாலும், இத்தனை பாடு பட்ட பிறகு சொல்கிறேன், இனிமேல் வீடு கட்டப்போகிறவர்கள் கூரையைத் திறக்கவே வேண்டாம். படிக்கட்டுச் சுவரில் உயரமாக ஒரு ஜன்னல் வையுங்கள். ஏற்கெனவே திறந்துவிட்டவர்கள் மாற்றுங்கள், நல்ல கண்ணாடியாக, பால் படலத்தோடு.

நண்பா, உனக்கு: ஞாயிற்றுக்கிழமை ஹோஸை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போ. குமிழ் மேல் கை ஊன்றாதே. கீழே யாரையாவது படியில் உட்கார வை. தளத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு இடத்திலும் கால் மணி நேரம் விடு. முதல் சொட்டு விழும்போது ஹோஸ் எங்கே இருந்தது என்று சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, போட்டோ எடுத்து அனுப்பு. அதுவரைக்கும் அந்த டியூபைத் திறக்காதே.