நாய்க்குத் தகடு, சிப், எயார்டேக்: திருகோணமலையில் பாவித்துப் பார்த்ததில்

எங்கள் வீட்டில் ஒரு நாயும் ஒரு பூனையும். தொலைந்தால் திரும்பி வருவதற்கென்று விற்கிற சாமான்களில் முக்கால்வாசியை இவற்றில் மாட்டிப் பார்த்தாயிற்று. கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, நாயென்றால் முதலில் கழுத்துப்பட்டியில் போன் நம்பர், மற்றதெல்லாம் அப்புறம்.

ஏனென்றால் இங்கே தொலைந்த நாயைக் காண்பது மிருக வைத்தியர் இல்லை. மீன் வாங்க வந்தவர், ஓட்டோக்காரர், உப்புவெளிக் கடைக்காரர், சில நேரம் காவலுக்கு நிற்கும் கடற்படைக்காரர். அவர்கள் கையில் போன் இருக்கும், சிப்பை வாசிக்கிற ஸ்கேனர் இருக்காது. தமிழோ சிங்களமோ, இலக்கத்தை எல்லோரும் வாசிப்பார்கள் என்பதால் விலாசத்தையெல்லாம் விட்டுவிட்டு இரண்டு நம்பரை மட்டும் பெரிதாக வெட்டுவித்தேன். நாயின் பெயரும் இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யார் பின்னாலும் போகிற சாதி அது.

ஆனால் உப்புக்காற்று இருக்கிறதே! அலுமினியத் தகடு வெளிறி எழுத்து மங்கிவிடும், அதற்கும் முன்னால் தகட்டைக் கொழுவுகிற வளையம் துருவேறிப் போய்விடும், நிலாவெளிக் கடலில் இறங்கிப் பழகிய நாயென்றால் கேட்கவே வேண்டாம். கடல் தண்ணீருக்கு ஓரளவு தாங்குவது 316 வகை ஸ்டீல், தகடு அதில் கிடைத்தாலும் கூட வருகிற வளையம் வேறெதிலோ இருக்கும். கடைசியில் தையல்காரரிடம் கொடுத்து நைலோன் பட்டியிலேயே நம்பரை வெள்ளை நூலால் தைப்பித்தேன். தொங்குவதில்லை, கிலுகிலு சத்தமில்லை, இன்றைக்கும் தூரத்தில் நின்றே வாசிக்கலாம். இதுவரை செலவழித்ததில் இதுதான் பிரயோசனம்.

சிப் அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிது, சுமார் 12 மில்லிமீற்றர், தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசியால் போடுவார்கள். அதற்குள் பற்றரி கிடையாது, ஸ்கேனரைக் கிட்டக் கொண்டுபோனால்தான் அதன் 15 இலக்க அடையாள எண்ணைச் சொல்லும். நாய் எங்கே நிற்கிறது என்று காட்டாது, இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் நம்புகிறார்களில்லை. போடுவதென்றால் ஐஎஸ்ஓ என்கிற சர்வதேசத் தரத்து 134.2 கிலோஹேர்ட்ஸ் சிப்தானா என்று கேளுங்கள், பழைய 125 கிலோஹேர்ட்ஸ் வகையைச் சில ஸ்கேனர்கள் வாசிக்காது. நான் போன ஓரிடத்தில் ஸ்கேனர் இருந்தது, அதற்குப் பற்றரி இல்லை! ஆனாலும் யாராவது ‘இது எங்கட நாய்’ என்று நின்றால் சிப்தான் சாட்சி. பிரான்ஸ், ஜேர்மனியில் இருக்கும் பிள்ளைகளிடம் நாயோடு போக நினைப்பவர்களுக்கு அது கட்டாயம், அதுவும் விசர்நாய்த் தடுப்பூசிக்கு முன்பே, பிந்தினால் அதே நாளிலாவது, போட்டிருக்க வேண்டும்.

எயார்டேக் என்பது சாமான்களில் மாட்டி அவை எங்கே என்று போனில் பார்க்கிற அப்பிளின் சின்ன வில்லை, 2021இல் வந்தது. பக்கத்தில் யாருடையதாவது ஐபோன் இருந்தால்தான் இடம் காட்டும், அப்பிள் நிறுவனமே இது பொருட்களுக்கு, பிராணிகளுக்கல்ல என்கிறது. வெள்ளைக்காரர் வந்து நிறைகிற காலத்தில் உப்புவெளியில் நன்றாகக் காட்டும், கன்னியாப் பக்கம் போனால் மணிக்கணக்காக ஒன்றுமில்லை. கியூஆர் தகடு வேண்டாம், போனால் ஸ்கேன் பண்ணினால் திறக்கிற பக்கத்தை நடத்தும் கம்பனி மூடினால் அதுவும் செத்தது.

பூனைக்கு மட்டும் வரிசை மாறும். அதற்கு இழுத்தால் தானே கழன்றுவிடும் பட்டிதான் போட வேண்டும், இல்லையென்றால் கிளையில் மாட்டிக் கழுத்து இறுகும். கழன்ற பட்டி எந்த வேலியில் கிடக்கிறதோ யாருக்குத் தெரியும், அதனால் பூனைக்கு முதலில் சிப்.

இன்னொன்று, தீபாவளிக்கு முதல்நாள் நாயின் பட்டியைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு விரல் நுழைகிற இறுக்கம் போதும், அதற்கு மேல் தளர்வாக இருந்தால் முதல் வெடிக்கே தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும், நம்பர் உங்கள் கையில்தான் மிஞ்சும்.