பழைய மேசிக்கு எந்த ஹெட் கேஸ்கெட்: காப்பரா, கிராஃபைட்டா, ஸ்டீலா?

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் ஒரு டிராக்டர் ஸ்பேர் கடையில் போய் நின்று, பழைய மேசிக்கு (மேசி ஃபெர்குசன் டிராக்டர்) ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்ஜின் மூடியான ஹெட்டுக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே வைக்கும் அடைப்புத் தகடு, வேண்டும் என்று கேட்டால், "காப்பரா, பிளாக்கா அண்ணா?" என்று பதிலுக்கு ஒரு கேள்வி வரும். இங்கே பிளாக் என்றால் கறுப்பு. இருப்பைப் பொறுத்து ஸ்டீல் கேஸ்கெட்டைப் பற்றியும் பேச்சு வரலாம். அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ குடியிருந்துகொண்டு, ஆனேக்கல், தளி, பாகலூர் பக்கம் குடும்ப நிலத்தை விடாமல் வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் அந்த இடத்தில் விலையைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். கையில் காசு இருந்தால் விலை கூடியது, இல்லாவிட்டால் குறைந்தது. இரண்டுமே தவறான வழி. எந்த கேஸ்கெட் நிற்கும் என்பதை உங்கள் எஞ்ஜின் பிளாக்கின், அதாவது சிலிண்டர்கள் உள்ள அடிப்பகுதியின், மேல் முகம்தான் தீர்மானிக்கிறது. அதைப் பார்க்காமல் கடைக்குப் போகவே கூடாது.

முதலில், கேஸ்கெட் எதைத் தாங்குகிறது என்று பார்ப்போம். பழைய மேசி 35-ல் வந்த பெர்கின்ஸ் 3.152 எஞ்ஜினையே எடுத்துக்கொள்ளலாம். மூன்று சிலிண்டர், போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 91.4 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 127 மி.மீ., மொத்தம் சுமார் 2.5 லிட்டர். டீசல் எரியும்போது உள்ளே 80 பார் அழுத்தம் வருகிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சிலிண்டரும் ஹெட்டை 5 டன்னுக்கு மேலான விசையோடு மேலே தள்ளுகிறது. அந்த விசையை அடக்கிப் பிடிப்பது ஸ்டட்களின், அதாவது ஹெட்டைப் பிளாக்கோடு பிணைக்கும் மரைக் கம்பிகளின், இறுக்கம். இரண்டு இரும்பு முகங்களுக்கு நடுவே மிச்சமிருக்கும் நுண்ணிய இடைவெளியை நிரப்புவது மட்டுமே கேஸ்கெட்டின் வேலை. இந்தக் கணக்கு மனதில் இருந்தால், ரேடியேட்டரில் ஊற்றினால் கசிவு அடைபடும் என்று விற்கிற திரவத்தை வாங்க மனம் வராது. அதில் பெரும்பாலும் சோடியம் சிலிகேட் இருக்கும். சூடான இடத்தில் கெட்டியாகி ஓட்டையை மூடும் என்பது உண்மைதான். ஆனால் அதே பொருள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். டீசல் எஞ்ஜினின் எரிப்பு அழுத்தத்துக்கு முன்னால் அந்தப் படலம் அதிக நாள் நிற்காது. அறுவடை நடுவில் வண்டியைப் பட்டறை வரை ஓட்டிப் போகக்கூட நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சரி, கேஸ்கெட்டுக்கு வருவோம்.

காப்பர் கேஸ்கெட் என்று நாம் சொல்வது முழுச் செம்பு இல்லை. இரண்டு மெல்லிய செம்புத் தகடுகளுக்கு நடுவில் ஒரு மிருதுவான அடைப்புப் பொருள். முன்பெல்லாம் அது ஆஸ்பெஸ்டாஸ், இப்போது ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத நார்ப்பொருள்களும் வருகின்றன. இதன் பலம் மென்மை. பிளாக்கின் முகத்தில் சின்னச் சின்னக் குழிகள் இருந்தால் அமுங்கி நிரப்பிக்கொள்ளும். பலவீனமும் அதே மென்மைதான். ஓட ஓட இன்னும் அமுங்கும், அமுங்கினால் ஸ்டட்டின் இறுக்கம் குறையும். அதனால் காப்பர் போட்டவர் மறுபடி டைட் வைத்தே ஆகவேண்டும். அதற்கு நேரம் ஒதுக்க முடியாதவர் காப்பர் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. கழற்றிய பழைய காப்பர் கேஸ்கெட்டை நெருப்பில் காட்டித் திரும்பப் போடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. முழுச் செம்புத் தகட்டில் வெட்டியதை அப்படிச் செய்யலாம், சூடேற்றினால் செம்பு மறுபடி இளகும். நடுவில் நார் வைத்ததற்கு இது பொருந்தாது, ஒருமுறை அமுங்கிய நார் திரும்பி எழாது.

பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது ஒரு எச்சரிக்கை. அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நனைத்துச் சுரண்டுங்கள், கம்ப்ரஸர் காற்றால் ஊதாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. பக்கத்தில் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்க்கிற வேலை இல்லை இது.

பிளாக் (கறுப்பு) என்று கடையில் சொல்வது பெரும்பாலும் கிராஃபைட் கேஸ்கெட். நடுவில் முள் முள்ளாகக் குத்திய இரும்புத் தகடு, இருபுறமும் கிராஃபைட், சிலிண்டர் வாய்களைச் சுற்றி ஃபயர் ரிங் என்ற உலோக வளையம். காப்பரைவிடக் குறைவாகத்தான் தளரும், சூட்டை நன்றாகத் தாங்கும், சின்னக் குறைகளையும் பொறுத்துக்கொள்ளும். கையாளும்போதுதான் கவனம் வேண்டும். வளைத்தாலோ, ஸ்டட்டில் மாட்டும்போது உரசினாலோ மேல்பூச்சு உதிரும். மூலையில் சுருண்டு கிடந்த சரக்கைக் கடைக்காரர் நீட்டினால் வாங்காதீர்கள், அட்டையோடு நேராக வந்ததைக் கேளுங்கள்.

மூன்றாவது ஸ்டீல், அதாவது பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட். ஸ்பிரிங் போல் செயல்படும் மெல்லிய தகடுகள், மேலே ரப்பர் பூச்சு. ஒருமுறை முறையாக டைட் வைத்தால் பெரும்பாலும் திரும்பத் தொட வேண்டியதில்லை. இன்றைய கார், லாரி எஞ்ஜின்களில் இதுதான் அதிகம். தரத்தில் இது ஒரு படி மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு வேண்டிய முகம் வேறு. சொரசொரப்பு சுமார் 0.8 மைக்ரானுக்குள் இருக்கவேண்டும் என்பது பொதுவான அளவு. மென்மையான கேஸ்கெட்டுகள் அதைப் போல் இரண்டு மடங்கையும் தாங்கும். குழி விழுந்த பிளாக்கில் ஸ்டீல் கேஸ்கெட்டை வைப்பது, மேடுபள்ளமான திண்ணையில் கண்ணாடித் தகட்டைப் பரப்புவது போல. அடியில் இருக்கும் பள்ளம் பள்ளமாகவே இருக்கும்.

இங்கேதான் டிராக்டர் காரிலிருந்து பிரிகிறது. டிராக்டருக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. முன் ஆக்ஸில், எஞ்ஜின், கியர்பாக்ஸ் மூன்றும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு நிற்பதே வண்டியின் உடம்பு. ஹெட்டை இரண்டு பேர் தூக்கி வண்டியில் வைத்து, கலாசிபாளையத்து மெஷின் ஷாப்பில் கொடுத்து ஃபேஸ் அடித்து, அதாவது முகத்தைச் சமமாகச் சீவி, கொண்டுவரலாம், கண்ணாடி போல் வரும். பிளாக்கைக் கொண்டுபோக வேண்டுமென்றால் வண்டியையே இரண்டாகப் பிரிக்கவேண்டும். கேஸ்கெட் மாற்றுவதற்காக யாரும் அதைச் செய்வதில்லை. ஆக, மேலே புதிதாகச் சீவிய முகம், கீழே நாற்பது வருடத்து முகம். நம் பக்கத்து வண்டிகளில் கீழ் முகம் இன்னும் மோசமாகவே இருக்கும். கூலன்ட் இல்லாமல் போர்வெல் தண்ணீரையே வருஷக்கணக்காக ஊற்றியிருப்பார்கள். உப்புப் படிந்து, தண்ணீர் துளைகளைச் சுற்றி அரித்திருக்கும். அந்த முகத்தோடு ஒத்துப்போவது கிராஃபைட், அதற்கு அடுத்தது காப்பர். ஸ்டீல், பிளாக்கை வெளியே எடுத்து முழு ஓவர்ஹால் செய்பவருக்கு மட்டும்.

பிளாக்கின் முகத்தைச் சோதிக்க ஒரு நேர்விளிம்புக் கட்டையும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) போதும். 150 மி.மீ. நீளத்துக்குள் 0.05 மி.மீ. ஃபீலர் நுழையக்கூடாது என்பது வழக்கமான கணக்கு. உங்கள் எஞ்ஜின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே சரி. சின்ன மேடுகளை எண்ணெய்க் கல்லால் தேய்த்து எடுக்கலாம். டிரில்லில் மாட்டும் சாண்டிங் டிஸ்க் வேண்டாம். அது பள்ளம் பறிக்கும், உதிரும் துகள் எண்ணெயில் கலந்து பேரிங்கைத் தின்னும். எச்.எம்.டி. டிராக்டர் போன்ற வெட் லைனர் வண்டி (சிலிண்டர் குழாயைச் சுற்றி நேரடியாகத் தண்ணீர் நிற்கும் வகை) என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. லைனரின் விளிம்பு பிளாக் முகத்துக்கு மேலே, கையேட்டில் சொன்ன அளவுக்குத் துருத்தி நிற்கவேண்டும். கீழே இறங்கியிருந்தால் மூன்றில் எந்த கேஸ்கெட்டும் நிற்காது.

ஹெட்டை ஃபேஸ் அடிக்கும்போது "கம்ப்ரஷன் ஏறிடும்" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. எரி அறை ஹெட்டில் இருக்கும் பெட்ரோல் எஞ்ஜினுக்கு அது சரி. நேரடியாக டீசல் பீய்ச்சும் இந்த எஞ்ஜின்களில் எரி அறை பிஸ்டன் தலையில் குடைந்திருக்கிறது, ஹெட் தட்டை. அதனால் கம்ப்ரஷன் பெரிதாக மாறாது. மாறுவது வேறு இரண்டு: வால்வுகள் முகத்துக்கு நெருங்கி வரும், இன்ஜெக்டர் நாசில் கூடுதலாக நீட்டும். இரண்டையும் அளந்துதான் மாட்டவேண்டும். மெஷின் ஷாப்பில் கொடுக்கும்போதே, "குறைந்தபட்சம் எவ்வளவு போதுமோ அவ்வளவு மட்டும் எடுங்க அண்ணே, அப்படியே விரிசல் சோதனையும் பண்ணிடுங்க" என்று சொல்லிவிடுங்கள். வால்வு சீட்டுகளுக்கு நடுவில் மயிரிழை விரிசல் இருந்தால் கேஸ்கெட் மேல் பழி போட்டுப் பயனில்லை.

அப்புறம் பூச்சு. பட்டறைக்குப் பட்டறை கருத்து மாறும் விஷயம் இது: ஷெல்லாக், சில்வர் பெயிண்ட், காப்பர் ஸ்ப்ரே, ஹைலோமார், அனாபாண்ட். கிராஃபைட்டுக்கும் பூச்சோடு வரும் ஸ்டீலுக்கும் என் பதில் ஒன்றுதான்: எதுவும் வேண்டாம், உலர்ந்தபடியே வையுங்கள். தொழிற்சாலையில் ஏற்கெனவே பூசித்தான் அனுப்புகிறார்கள். மேலே கிரீஸோ எண்ணெயோ தடவினால் கேஸ்கெட்டுக்கும் இரும்புக்கும் இடையிலான பிடி குறைந்து, அழுத்தத்தில் வெளியே நழுவும். காப்பருக்கு மட்டும் விதிவிலக்கு. உறையில் தயாரிப்பாளர் தடை சொல்லாத பட்சத்தில், மெல்லிய ஒரு கோட் ஷெல்லாக்கோ காப்பர் ஸ்ப்ரேயோ தண்ணீர் துளைகளைச் சுற்றி உதவும். முழுச் செம்புத் தகடாக வெட்டியது என்றால் அந்தப் பூச்சு கட்டாயம், வெறும் செம்பு தண்ணீரை முழுதாக அடைக்காது. சிலிகான் வகைப் பேஸ்ட் டேப்பெட் கவருக்கும் (ஹெட்டின் மேல்மூடி) சம்புக்கும் (அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டி) அருமையான பொருள், ஹெட்டுக்கு விரோதி. பிதுங்கிய துண்டு எண்ணெய் வழியில் போய், வால்வை அழுத்தும் ராக்கருக்குப் போகும் துளையை அடைத்தால், கேஸ்கெட் செலவைவிடப் பெரிய செலவு காத்திருக்கிறது.

பூச்சுக்குக் காட்டும் அக்கறையை ஸ்டட்டுக்குக் காட்டினால் எவ்வளவோ வண்டிகள் பிழைக்கும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் கொடுக்கும் விசையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு மரையின் உராய்விலும் நட்டின் அடி உராய்விலும் போய்விடுகிறது. ஸ்டட்டை இழுத்துப் பிடிப்பது மீதி ஒரு பங்குதான். மரையில் துரு இருந்தால் அந்த ஒரு பங்கும் தேயும். ரெஞ்ச் சரியான எண்ணைக் காட்டும், ஹெட் தளர்வாகவே இருக்கும். வயர் பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்து, கையேடு சொன்னால் லேசாக எண்ணெய் தொட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மூன்று தடவையில் டைட் வையுங்கள். அனுபவக் கையால் பெரிய ஸ்பேனரில் இழுப்பவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் எல்லா ஸ்டட்டுக்கும் ஒரே இறுக்கம் கையால் வராது. டார்க் ரெஞ்சை வாடகைக்காவது எடுங்கள்.

வண்டியை ஓட்டி முழுச் சூட்டுக்குக் கொண்டுவந்து, கையேடு சொல்லும் நிலையில் மறுபடி டைட் வைக்கவேண்டும். காப்பர் என்றால் முதல் 25 முதல் 50 மணி நேர ஓட்டத்துக்குள் இன்னொரு முறையும். ஒவ்வொரு முறையும் ஹெட் கொஞ்சம் இறங்குவதால் டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே உள்ளது) மாறும், அதையும் அப்போதே சரிபார்க்கவேண்டும். ரேடியேட்டரில் இனி கூலன்ட். மூடியின் ஸ்பிரிங்கும் ரப்பரும் போயிருந்தால் புதிது வாங்குங்கள். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம், திறந்த தண்ணீர் இங்கே 97 டிகிரியிலேயே கொதிக்கும். அழுத்தம் பிடிக்காத மூடியோடு ரோட்டவேட்டர் போட்டு ஓட்டினால் புது கேஸ்கெட்டும் அதே சூட்டில்தான் வேகும்.