சிக்னல்: ஐந்து வருட ரிவ்யூ, நாலே நாலு பேர்

என் போனில் சிக்னல் என்கிற, வாட்ஸ்அப் மாதிரியான மெசேஜ் செயலியை ஏற்றி ஐந்து வருடம் தாண்டிவிட்டது. இன்றைய தேதிக்கு அதில் நான் தவறாமல் பேசுவது நாலு பேரிடம். மனைவி, சிங்கப்பூரில் இருக்கும் கூட்டாளி ஒருவன், பெங்களூரில் வேலை பார்க்கும் மச்சான், அப்புறம் பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர். வாட்ஸ்அப்பில் எத்தனை பேர் என்று நான் எண்ணியதில்லை, குரூப்பே நாற்பதுக்கு மேல் இருக்கும், அதில் பாதி என்னைக் கேட்காமலே என்னைச் சேர்த்தவை. மார்க்கை முதலிலேயே போட்டுவிடுகிறேன். செயலி என்று மட்டும் பார்த்தால் 5க்கு நாலரை. வலங்கைமான் பக்கத்துக் கிராமத்தில் உட்கார்ந்துகொண்டு இதை மட்டும் வைத்துப் பிழைக்க முடியுமா என்றால் 5க்கு ஒன்றரை. நடுவில் காணாமல்போன அந்த மூன்று மார்க்கைப் பற்றித்தான் இந்த ரிவ்யூ.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். விளம்பரம் கிடையாது. வாட்ஸ்அப்பில் இருப்பது போல சேனல், ஏஐ வட்டம் என்று கண்ணை இழுக்கும் சாமான் கிடையாது, திறந்தால் கிட்டத்தட்ட பேச்சு மட்டும்தான். குரல் அழைப்பு தெளிவாகவே இருக்கிறது, செயலியைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். குரல் மெசேஜ், வீடியோ கால், ஆயிரம் பேர் வரை குரூப் எல்லாம் உண்டு. வாட்ஸ்அப்பில் செய்கிற காரியத்தில் நமக்கு அன்றாடம் வேண்டியது ஏறக்குறைய எல்லாமே இதிலும் நடக்கும்.

"வாட்ஸ்அப்பிலும் பூட்டு போட்டிருக்கே, அப்புறம் இது எதுக்கு?" என்று கேட்பவர்கள் சரியாகத்தான் கேட்கிறார்கள். 2016 ஏப்ரலிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பியவரும் பெறுபவரும் தவிர நடுவில் யாரும் படிக்க முடியாது, அந்தப் பூட்டின் நுட்பமே சிக்னல்காரர்கள் செய்ததுதான். வித்தியாசம் பேச்சில் இல்லை, யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்பதில் இருக்கிறது. கடைத்தெருவில் ஒருவர் காலை ஒன்பதரைக்கு அடகுக்கடைப் படி ஏறுகிறார், பத்து மணிக்கு விதைநெல் கடைக்குள் போகிறார். உள்ளே என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு முழுக் கதையும் தெரிந்துவிடும், சம்சாரத்தின் வளையல் உட்பட. வாட்ஸ்அப்பில் அந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பது அதன் சொந்தக்காரரான மெட்டா நிறுவனம். சிக்னலில் அந்தப் பெஞ்சே கிடையாது. 2016இல் அமெரிக்காவில் ஒரு வழக்கில் சிக்னல்காரர்களிடம் கணக்கு விவரத்தைக் கேட்டபோது, கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள் இரண்டைத் தவிர அவர்களால் கொடுக்க எதுவுமில்லை. வேறெதையும் அவர்கள் சேர்த்துவைக்கவில்லை.

இதைத்தான் நான் 2021 தை மாதம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்போது வாட்ஸ்அப் புது தனியுரிமை நிபந்தனைகளை நீட்டி பிப்ரவரி 8க்குள் ஒத்துக்கொள்ளச் சொல்லியிருந்தது, ஈலான் மஸ்க் சிக்னலுக்குப் போங்கள் என்று இரண்டே சொல்லில் எழுதிப்போட்டார், உலகமே பிய்த்துக்கொண்டு அங்கே ஓடியது. அந்தக் கூட்டத்தைத் தாங்காமல் ஜனவரி 15ஆம் தேதி உலகம் முழுக்க சிக்னல் படுத்துவிட்டது, நம் கணக்கில் மாட்டுப் பொங்கல் ராத்திரி. ஆனால் எங்கள் ஊரில் என் பிரச்சாரம் தோற்றதற்கு அது காரணமில்லை.

அந்தத் தையில் பெய்யக் கூடாத மழை பெய்தது. டெல்டாவில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அறுப்புக்கு நின்ற சம்பா அப்படியே சாய்ந்து தண்ணீரில் கிடந்து கதிரிலேயே முளைவிட்டது. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ஆளாளுக்கு வயலைப் போட்டோ பிடித்துக்கொண்டிருந்தார்கள், அதை விஏஓவுக்கும் வேளாண்மை ஆபீசுக்கும் அனுப்ப வேண்டும், எதில் அனுப்புவது? அன்று வரப்பில் நின்று நான் சித்தப்பாவிடம் மெட்டாடேட்டா, அதாவது யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்கிற விவரம், பற்றிச் சொல்லியிருக்கிறேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அவர் திட்டவில்லை. "சரிப்பா, இந்த போட்டோவை விஏஓ அதுல பார்ப்பாரா?" என்று மட்டும் கேட்டார். பார்க்க மாட்டார். பேச்சு அதோடு முடிந்தது.

ஜனங்கள் ஏன் மாறுவதில்லை என்று யாராவது எழுதினால் சோம்பேறித்தனம், விவரமில்லை, அக்கறையில்லை என்று மூன்று காரணத்தை அடுக்கிவிடுகிறார்கள். மூன்றுமே எனக்கு ஒப்பவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் தேவை வந்தால் நொடியில் மாறுவார்கள். துபாய் பக்கம் பிள்ளை இருக்கிற வீட்டில் போய்ப் பாருங்கள், கூத்தாநல்லூர் பக்கம் அநேக வீட்டில் அப்படி ஒருவராவது இருப்பார். அங்கே வாட்ஸ்அப் கால் போகாது, அரசாங்கமே தடுத்து வைத்திருக்கிறது. அதனால் எழுபது வயதுப் பாட்டிகூட போனில் போட்டிம் மாதிரி அங்கே ஓடுகிற செயலி ஒன்றை வைத்திருக்கிறார், பேரன் முகத்தைப் பார்க்க எந்த பொத்தானை அமுக்குவது என்று நமக்கே சொல்லித்தருவார். வாட்ஸ்அப்புக்கு வந்ததும் இதே மாதிரிதான். 2011இல் ஒரு நாளைக்கு நூறு எஸ்எம்எஸ்தான் என்று தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் கட்டுப்பாடு போட்டது, பிறகு இருநூறாக்கினார்கள், அது போக தீபாவளி பொங்கல் அன்றைக்கு எஸ்எம்எஸ் பேக் செல்லாது, ஒவ்வொன்றுக்கும் காசு. அந்தக் கடுப்பில் போனவர்கள்தான் நாம். 2018இல் பட்டன் வைத்த ஜியோ போனிலும் வாட்ஸ்அப் வந்ததும் மிச்சமிருந்தவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். ஆக, கையில் இருப்பது வேலை செய்யாமல் போனால் மாறுகிறோம். தனியுரிமை போவது அப்படி எதையும் நிறுத்துவதில்லையே. கால் கட் ஆனால் தெரிகிறது, யாரோ கணக்கெழுதிக்கொண்டிருந்தால் தெரிவதில்லை.

அது மட்டுமில்லை, மாறுவது தனி ஆள் செய்கிற காரியமும் இல்லை. காலையில் எழுந்ததும் எனக்கு முதலில் வருவது மேட்டூர் நீர்மட்டம். இத்தனை அடி, வரத்து இத்தனை கன அடி, திறப்பு இத்தனை. யாரோ ஒரு புண்ணியவான் எங்கிருந்தோ போடுகிறார், அது நாலு குரூப் தாண்டி எனக்கு வருகிறது. அதற்கு அடுத்து அறுவடை மெஷின் புரோக்கர், பெல்ட் வண்டி மணிக்கு என்ன ரேட், எப்போது இந்தப் பக்கம் வரும். கொள்முதல் நிலையத்தில் இன்றைக்கு சாக்கு வந்ததா, எத்தனை பேர் வரிசையில் இருக்கிறார்கள், ஈரப்பதம் 17க்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்புகிறார்களா. கல்யாணப் பத்திரிகை, சாவுச் செய்தி, பள்ளிக்கூட வீட்டுப்பாடம், கேஸ் சிலிண்டர் புக்கிங், எல்லாம் அதற்குள்தான். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது நான் மட்டும் எனக்குத் தோன்றிய கிழமையில் மடையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றால் என்ன வரும்? காற்றுதான் வரும். சிக்னலில் என் நிலை அதுதான்.

ஊர்க்காரர்களுக்கு ரகசியத்தில் அக்கறை இல்லை என்பதுதான் சுத்தமான பொய். என் அத்தை நிலத்து விஷயம் எதையும் போனில் பேசமாட்டார். "நேர்ல வா, பேசிக்கலாம்" என்பார். வட்டிக்கணக்கு, பெண் பார்க்கிற பேச்சு, பங்காளிச் சண்டை எதுவும் மெசேஜில் வராது. வந்தால் குரலாக வரும், கேட்டதும் அழிக்கச் சொல்லி அடுத்த குரலும் வரும். அவர்களுடைய பயம் அமெரிக்காக் கம்பெனியைப் பற்றியது இல்லை. ஓரகத்தியைப் பற்றியது, பக்கத்து வயல்காரரைப் பற்றியது, போனை வாங்கிப் பார்க்கிற மகனைப் பற்றியது. அந்தப் பயத்துக்கு சிக்னலில் நல்ல மருந்தே இருக்கிறது, குறிப்பிட்ட நேரத்தில் தானாக அழியும் மெசேஜ். அது வாட்ஸ்அப்பிலும் வந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

இன்னொரு கூத்து. சிக்னலில் புதிதாக ஒருவர் சேர்ந்தால், ஏற்கெனவே அதில் இருந்து அவர் நம்பரையும் வைத்திருப்பவர்களுக்கு இன்னார் வந்துவிட்டார் என்று காட்டும். அதைத் தனியாக அணைத்து வைக்கலாம், ஆனால் யார் அணைக்கிறார்கள்? எங்கள் தெருவில் தானாகவே ஆசைப்பட்டு இதை ஏற்றியது ஒரே ஒரு பையன், கல்லூரி இரண்டாம் வருஷம். மறுநாளே அவன் மாமா கேட்டுவிட்டார், "ஏன்டா, ஊருக்கே வாட்ஸ்அப் போதும், உனக்கு மட்டும் எதுக்குடா தனியா ஒண்ணு?" பாவம், காதலைக் காப்பாற்ற வந்த பையன். எல்லாரும் ஓட்டு வீட்டில் கதவைத் திறந்து வைத்திருக்கிற தெருவில் ஒருத்தன் மட்டும் தாழ்ப்பாள் போட்டால் கண் அங்கேதான் போகும். எல்லாரும் வந்தால்தான் இது சந்தேகப்படாத பொருளாக ஆகும், சந்தேகப்படுவதால் யாரும் வருவதில்லை.

இப்போது என் குற்றத்தை ஒத்துக்கொள்கிறேன். அம்மாவை வற்புறுத்தி சிக்னலுக்குக் கொண்டுவந்து ஒன்றரை வருடம் அதிலேயே வைத்திருந்தேன். பேத்தியின் போட்டோ, மழலைப் பேச்சு எல்லாம் அதில்தான் அனுப்பினேன். ஒருநாள் போன் கொல்லைப்புறத் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. புதுப் போன் வாங்கினோம், வாட்ஸ்அப்பில் கூகுள் டிரைவிலிருந்து எல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டது. சிக்னலில் வெற்றுப் பலகை. அந்தக் காலத்தில் அதில் பேக்கப் என்பது நாமே எடுத்து, 30 இலக்கச் சாவியை எழுதி வைத்து, கோப்பை வேறிடத்தில் பத்திரப்படுத்த வேண்டியது. எனக்குத் தெரியும், செய்யவில்லை. அம்மா கோபப்படவில்லை, "பரவால்ல தம்பி, பழையதுலயே அனுப்பு" என்றார். என் பெண் முதன்முதலாக அவரை ஆத்தா என்று கூப்பிட்ட பதிவு அதில் இருந்தது. அதற்கப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவரைத் திரும்பக் கூப்பிடுவது?

நடுவில் அரட்டை வந்தது. ஸோஹோ என்கிற மென்பொருள் கம்பெனியின் மெசேஜ் செயலி, 2021இலேயே வெளிவந்திருந்தாலும் 2025 செப்டம்பர் அக்டோபரில்தான் பிய்த்துக்கொண்டு போனது. தமிழ்ப் பேர் வேறு, அந்தக் கம்பெனியை நடத்திய ஸ்ரீதர் வேம்புவின் பூர்வீகமும் தஞ்சாவூர்ப் பக்கம், விடுவார்களா? ஒரே வாரத்தில் என் போன்புத்தகத்தில் அறுபது எழுபது பேர் அங்கே வந்துவிட்டார்கள். ஆளாளுக்கு ஒரு வணக்கம், ஒரு கும்பிடு எமோஜி, அதோடு சரி. அடுத்த மெசேஜ் வாட்ஸ்அப்பில்தான் வந்தது, "அரட்டையில் வணக்கம் போட்டேனே பார்த்தாயா?" என்று. அந்தப் பரபரப்பு சமயத்தில் அதில் அழைப்புகளுக்குத்தான் முழுப் பூட்டு இருந்தது, எழுத்து மெசேஜுக்கு இல்லை. அதைப் பற்றி எங்கள் குரூப்பில் ஒருவரும் கேட்கவில்லை, நம்ம ஊர் என்பது போதுமாக இருந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை, நம்பிக்கை என்பது இங்கே ஆளைப் பார்த்து வருவது, கணக்கைப் பார்த்து வருவதில்லை. 2024 நவம்பரில் அந்த 2021 நிபந்தனைக்காகவே இந்தியப் போட்டி ஆணையம் மெட்டாவுக்கு 213 கோடி ரூபாய் அபராதம் போட்டதே, அந்தச் செய்தியும் எனக்கு வாட்ஸ்அப்பில்தான் வந்தது, கீழே இரண்டு கைதட்டலோடு.

காசு விஷயம் ஒன்று. சிக்னல் லாபம் பார்க்காத அறக்கட்டளை, நன்கொடையில் ஓடுகிறது. வாட்ஸ்அப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பிரையன் ஆக்டன் அங்கிருந்து வெளியே வந்து 2018இல் 5 கோடி டாலர் போட்டுத் தொடங்கி வைத்தது. 2025 வாக்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய அதே 5 கோடி டாலர் செலவாகும் என்று அவர்களே 2023இல் எழுதினார்கள். நமக்கு ஓடிபி அனுப்புகிற செலவே லட்சக்கணக்கான டாலர். நான் ஒருமுறை கொடுத்தேன், தினமும் பயன்படுத்துகிற நாலு பேரில் இன்னொருத்தரும் கொடுத்திருக்கிறார்.

உண்மையில் எனக்குக் கோபம் ஜனங்கள் மேல் இல்லை, இந்த ஏற்பாட்டின் மேல். எந்தக் கம்பெனி சிம்மிலிருந்தும் எந்தக் கம்பெனி சிம்முக்கும் பேச முடிகிறது, 2011லிருந்து நம்பரையே எடுத்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போக முடிகிறது. மெசேஜ் செயலியில் மட்டும் ஏன் கூடாது? ஐரோப்பாவில் சட்டம் போட்டு வாட்ஸ்அப்பைக் கதவு திறக்கச் சொல்லியிருக்கிறார்கள், மெதுவாகத் திறக்கிறது. அது இங்கே வரும்வரை சித்தப்பாவிடம் மாறச் சொல்ல எனக்கு வாயில்லை.

ஆக, யாருக்கு இதைச் சிபாரிசு செய்வேன்? ஊரோடு மாறலாம் என்று நினைப்பவர்களுக்கு இல்லை. புருஷன் பெண்டாட்டிக்கு, வெளியூரில் இருக்கிற ஒரே ஒரு நண்பனுக்கு, பாஸ்புக் போட்டோவும் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டும் அனுப்புகிற இரண்டு பேருக்கு அருமையான சாமான். வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள், பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றியதும் செட்டிங்ஸில் போய் பின் (PIN) நம்பரை நினைவில் நிற்கிற மாதிரி வையுங்கள், அடிக்கடி கேட்கும். 2025 செப்டம்பரில் அவர்களே கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பில், பேக்கப் வைக்கும் வசதியை அறிவித்தார்கள், உங்கள் போனில் வந்திருந்தால் அன்றைக்கே போட்டுவிடுங்கள். அதற்கு 64 எழுத்தில் ஒரு சாவி கொடுக்கும், தொலைத்தால் அவர்களாலும் திறக்க முடியாது. நான் அதைத் தாளில் எழுதி சிட்டா அடங்கல் வைத்திருக்கிற மஞ்சப்பைக்குள் போட்டு வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் தொலையாத ஒரே பை அதுதான்.