செத்துப்போன சிம்மும் 26,208 ரூபாயும்

2025 ஆகஸ்டில் சிங்கப்பூர் வேலையிலிருந்து லீவில் வந்து சொந்த ஊரான கீழக்கரையில் 18 நாள் இருந்தேன், அதில் 8 நாள் வருமான வரி ரிட்டர்னுக்கான ஒரு ஓடிபிக்காகவே போய்விட்டது. லாத்தா (அக்கா) மகள் கல்யாணம், தொதல் இனிப்பு, அசர் தொழுகைக்குப் பிறகு படகுத்துறையில் வாங்கிய கச்சான் காற்று எல்லாம் நன்றாகவே இருந்தன, அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். இந்த ஓடிபி விஷயத்தை முதலில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் வெளிநாட்டில் இருப்பவர்கள் பாதிப் பேர் இதே குழியில்தான் கிடக்கிறார்கள், கிடப்பதும் தெரியாமல்.

வாப்பா (அப்பா) மவுத்தான பிறகு, அதாவது இறந்த பிறகு, தென்னந்தோப்பு விற்றதில் என் பங்காக 12 லட்சம் வந்தது. வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வருமானத்தைப் போட்டுவைக்கும் என்ஆர்ஓ கணக்கில் 7 சதவீத டெபாசிட்டாகப் போட்டேன். வருடத்துக்கு 84,000 ரூபாய் வட்டி. லாத்தாவும் அதே அளவு போட்டிருக்கிறார், வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று சொல்லும் 15ஜி படிவத்தை அப்போது கொடுத்துவிட்டார், ஒரு பைசா பிடிக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் நமக்கு அந்தப் படிவம் கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வரி, அந்த வரியின் மேல் செஸ் என்ற கூடுதல் வரி 4 சதவீதம், ஆக 31.2. 26,208 ரூபாய் போய்விட்டது. ஆனால் எனக்கு இந்தியாவில் வேறு வருமானம் இல்லை, 84,000 என்பது வரிவிலக்கு வரம்புக்கு வெகு கீழே, அதனால் ரிட்டர்ன் போட்டால் முழுப் பணமும் திரும்பி வரும். இது தெரிந்துதான் 2024 ஜூலையில் ராமநாதபுரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வாட்ஸ்அப்பிலேயே எல்லாவற்றையும் அனுப்பிப் போடச் சொன்னேன். ஃபீஸ் வாங்கினார்கள், ஒரு பிடிஎஃப் அனுப்பினார்கள், "முடிஞ்சிருச்சு சார்" என்றார்கள். 13 மாதம் பணம் வரவில்லை.

ஊருக்கு வந்ததும் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் போய்க் கேட்டேன். 22, 23 வயதுப் பெண் பிள்ளை, பிகாம் முடித்தவர். பிடிஎஃப்பைத் திறந்து தலைப்பை மட்டும்தான் பார்த்தார். "காக்கா, இது ஐடிஆர்-வி. வெரிஃபை பண்ணாத ரிட்டர்னுக்குத்தான் இந்தப் பேப்பர் வரும். பண்ணியிருந்தா அக்னாலெட்ஜ்மென்ட்னு வந்திருக்கும். நீங்க இன்னும் ரிட்டர்னே போடலைன்னுதான் கணக்கு."

எனக்குக் கை கால் ஓடவில்லை. ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலமோ நெட் பேங்கிங் மூலமோ வெரிஃபை செய்ய வேண்டும், இல்லையென்றால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டு பெங்களூருவில் ரிட்டர்ன்களைப் பரிசீலிக்கும் வரித்துறை மையமான சிபிசிக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். இதை அந்த ஆபீஸில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிங்கப்பூரிலிருந்தே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேன். வாப்பா காலத்தில் மஞ்சப்பையில் காகிதங்களை அடுக்கிக்கொண்டு காலை பஸ் பிடித்து ராமநாதபுரம் போவார், கவுண்டரில் நகலில் சீல் விழும், அந்தச் சீல் விழுந்தால் அந்த வருடத்துக் கவலை முடிந்தது. மத்தியானம் வெயிலில் வந்து அந்தத் தாளை உம்மாவிடம் கொடுத்துப் பத்திரப்படுத்தச் சொல்வார். எனக்கும் தாள் கையில் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்றே மனதில் பதிந்திருந்தது.

சரி, இப்போதாவது வெரிஃபை செய்யலாம் என்று அந்தப் பிள்ளை பட்டனை அழுத்தினார். ஆதாரில் இருந்தது என் பழைய நம்பர், மூன்று வருடமாக ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன சிம். சும்மா அடித்துப் பார்த்தேன், எடுத்தார்கள்! சாயல்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர், அந்த நம்பரை ஒரு வருடத்துக்கு முன்னால் கடையில் வாங்கியிருக்கிறார். "ஆமாண்ணே, பேங்க்ல இருந்தெல்லாம் மெசேஜ் வரும், யாருக்கோ வருதுன்னு விட்டுருவேன். இப்பக்கூட ஒரு ஓடிபி வந்துச்சு, சொல்லவா?" நல்ல மனிதர், அல்லாஹ் அவரை நன்றாக வைக்கட்டும். ஆனால் என் வங்கிச் செய்தியெல்லாம் முகம் தெரியாத ஒருவர் போனுக்கு ஒரு வருடமாகப் போய்க்கொண்டிருந்தது என்றால் வயிறு கலங்காதா? கடைப் பிள்ளை தலையை ஆட்டி மறுத்துவிட்டார். "வேணாம் காக்கா, முதல்ல நம்பரை மாத்திட்டு வாங்க."

சிங்கப்பூரில் என் சம்பள விவரத்தை முதலாளியே அங்குள்ள வரித்துறையான ஐராஸுக்கு அனுப்பிவிடுவார். நான் ஏப்ரல் 18க்குள் அரசின் டிஜிட்டல் அடையாளமான சிங்பாஸில் முகத்தைக் காட்டி நுழைந்து ஒரு தடவை பார்ப்பதோடு சரி, சில வருடம் அதுகூட வேண்டாம் என்றே கடிதம் வரும். வரியை வட்டியில்லாமல் 12 மாதத் தவணையில் ஜைரோவில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே, எடுத்துக்கொள்வார்கள். இந்தியாவிலும் வரி போர்ட்டல் மோசமில்லை, உண்மையில் வட்டி, பிடித்தம் எல்லாம் ஏஐஎஸ் என்ற வருட வருமான விவரப் பட்டியலில் தயாராக இருந்தது. ஆனால் ஆதார், வங்கி, வரி என்று மூன்றும் ஒரே ஒரு உள்ளூர் செல் நம்பரில் தொங்குகின்றன, வெளிநாட்டுக்காரனிடம் இல்லாத ஒரே பொருள் அதுதான்.

அப்புறம் நடந்த அலைச்சல். புது சிம் வாங்கி, ஆதார் மையத்தில் காலை ஏழு மணிக்கு டோக்கன், சர்வர் வேலை செய்யவில்லை, மறுநாள் மறுபடி டோக்கன், கைரேகை, 50 ரூபாய். அது பரவாயில்லை. வங்கியில்தான் நான்கு நடை. முதல் நாள் பாஸ்போர்ட் நகல் கேட்டார்கள், இரண்டாம் நாள் வேலை பாஸ் நகல், மூன்றாம் நாள் மேனேஜர் லீவு, நான்காம் நாள் "முதல்ல கொடுத்த ஃபார்ம் பழசு, புது ஃபார்ம்ல எழுதுங்க". ஒரே நாளில் மொத்தப் பட்டியலையும் சொல்ல முடியாதா? மூன்று வாரம் லீவு எடுத்து வருபவனின் நாள் அது. அங்கே கவுண்டரில் என் குரல் உயர்ந்தது உண்மை, அதற்காக வருத்தப்படவில்லை.

எட்டாம் நாள் அந்தப் பிள்ளை கடையில் உட்கார்ந்தோம். 2024ல் போட்டதற்கு 30 நாள் கடந்துவிட்டதால் தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் விண்ணப்பம் போர்ட்டலிலேயே உண்டு, காரணத்தை எழுதி அனுப்பினார். 2025ல் போட வேண்டிய ரிட்டர்னையும் ஐடிஆர்-2 படிவத்தில் போட்டார், வெளிநாட்டில் இருக்கும் நமக்கு ஐடிஆர்-1 படிவம் செல்லாது. ஓடிபி என் கையிலிருந்த போனுக்கே வந்தது. மொத்தம் 40 நிமிடம், 300 ரூபாய். பக்கத்தில் நின்ற துபாய்க்காரர் ஒருவர், தன் சம்பளத்துக்கும் இங்கே வரி உண்டா என்று கேட்டார். அங்கேயே வேலை பார்த்து வருடத்தில் ஒரு மாதம் ஊருக்கு வருபவருக்கு அந்தச் சம்பளத்தில் வரி இல்லை, வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போடும் என்ஆர்இ கணக்கின் வட்டிக்கும் இல்லை, என்ஆர்ஓ வட்டிக்கு மட்டும் பிடிப்பார்கள் என்று அந்தப் பிள்ளை பொறுமையாகச் சொல்லி, "உங்க ஆதார்ல எந்த நம்பர் காக்கா இருக்கு?" என்று கேட்டார். அவருக்குத் தெரியவில்லை.

புது சிம்மை லாத்தா போனில் போட்டுவிட்டு வந்தேன், மாதாமாதம் ரீசார்ஜ் செய்ய மருமகன் பொறுப்பு. 2025ல் போட்ட ரிட்டர்னின் பணம் கணக்கில் ஏறிவிட்டது. 2024ல் போட்ட ரிட்டர்னின் 26,208க்கான விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது, வாரம் ஒரு முறை திறந்து பார்க்கிறேன்.