ஒரே காட்சியின் பல படங்களை அடுக்காக்குதல்: நாள்பட்ட பயன்பாட்டில் தேறியவை

ஒரே போஸில் எட்டு படங்கள், அவற்றில் ஒன்றின் கருப்பு வெள்ளை வடிவம், சதுரமாக வெட்டியது, கேமரா பதப்படுத்தாமல் சேமித்த ரா கோப்பு, கூடவே வந்த ஜேபெக். இத்தனையும் கேலரியில் வரிசையாகக் கிடந்தால் நல்ல படம் கண்ணில் படாமலே போகும். ஒன்றை முகப்பில் வைத்து மற்றதை அதன் கீழே மடித்து வைக்கும் ஸ்டேக் வசதி அதற்குத்தான். எதை வைத்து அடுக்குகிறது என்பதில்தான் ஒரு மென்பொருளுக்கும் இன்னொன்றுக்கும் பெரிய வித்தியாசம்.

கூகுள் ஃபோட்டோஸ் 2023 நவம்பரில் இதைத் தானியங்கியாகக் கொண்டுவந்தது. அடுத்தடுத்து எடுத்த, ஒன்றுபோல் தெரியும் படங்களைச் சேர்த்து, முகப்புப் படத்தையும் அதுவே தேர்ந்தெடுக்கும், நாம் மாற்றிக்கொள்ளலாம். போன் படங்களுக்கு இது போதும். எடிட் செய்து பல வடிவங்கள் வைத்திருப்பவர்களுக்குப் போதாது.

நேர இடைவெளியை வைத்து அடுக்குவதே எங்கள் அனுபவத்தில் நம்பகமானது. அடோபியின் படத்தொகுப்பு மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில் 0 நொடி முதல் 1 மணி நேரம் வரை இடைவெளி வைக்கலாம். பர்ஸ்ட் படங்களுக்கு, அதாவது பொத்தானை அழுத்தியபடியே தொடர்ந்து எடுத்தவற்றுக்கு, 2 நொடி, போர்ட்ரெய்ட்டுக்கு 10 முதல் 15 நொடி சரியாக வரும். இதில் ஒரு பொறி உண்டு: ஒவ்வொரு படத்தையும் அதற்கு முந்தைய படத்தோடுதான் ஒப்பிடுகிறது. இடைவிடாமல் படம் எடுத்த நிகழ்ச்சிக்கு 1 நிமிடம் என்று வைத்தால், சங்கிலி அறுபடாமல் நிகழ்ச்சி முழுவதும் ஒரே அடுக்காகிவிடும். இரண்டு கேமராக்களின் கடிகாரம் ஒத்துப்போகாவிட்டால் படங்கள் மாறி மாறிக் கலக்கும். அடுக்கும் முன்பே, படத்தில் பதிந்த விவரங்களை மாற்றும் எக்சிஃப்டூல் என்ற கருவியில் நேரத்தை நகர்த்திச் சரிசெய்துவிட வேண்டும்.

சொந்த சர்வரில் ஃபோட்டோபிரிசம் என்ற கேலரி மென்பொருளை வைத்திருப்பவர்கள், அது படங்களைப் படித்துப் பட்டியலிடும் முதல் இண்டெக்ஸ் ஓடுவதற்கு முன்பே அடுக்கு அமைப்புகளைப் பார்ப்பது அவசியம். ஒரே ஃபோல்டரில் பெயர் ஒன்றாகவும் எக்ஸ்டென்ஷன் வேறாகவும் இருந்தால் அவை எப்படியும் சேரும். ரா, ஜேபெக் ஜோடிக்கு அதுதான் வேண்டும். அதற்கு மேல் தொடர்ப்பெயர் (ஒரே பெயரோடு வரிசை எண் சேர்ந்தது), இடமும் நேரமும், தனித்த அடையாள எண் என்று மூன்று தேர்வுகள் உண்டு. இடமும் நேரமும் என்பதை இயக்கினால், ஒரே நொடிக்குள் எடுத்த பர்ஸ்ட் முழுவதும் ஒரே படமாகச் சுருங்கக்கூடும். பிறகு அணைத்தாலும் ஏற்கெனவே சேர்ந்தவை தானாகப் பிரியாது. ஒவ்வொன்றாகத் திறந்து, கோப்புகள் பகுதியில் பிரிக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டால் அது பெரிய வேதனை.

உருவ ஒற்றுமையை வைத்துத் தேடுவது கடைசி வழி. இதற்கான டிஹாஷ் என்ற கணக்கீட்டு முறை படத்தை 9×8 சாம்பல் நிறப் புள்ளிகளாகச் சுருக்கி 64 பிட் எண்ணாக்குகிறது. இரண்டு எண்களில் எத்தனை பிட் வேறுபடுகிறது என்பதே ஒற்றுமையின் அளவு. 10க்கு மேல் போனால் பெரும்பாலும் வேறு படம். நிறம் கணக்கில் வராததால் கருப்பு வெள்ளை வடிவத்தை அழகாகப் பிடிக்கும். வெட்டிய படத்தையும் திருப்பிய படத்தையும் தவறவிடும். இருண்ட இரவுக் காட்சிகளையும் வெறும் வானத்தையும் சம்பந்தமில்லாமல் கோர்த்துவிடும். அதனால் இந்த முடிவைக் கண்ணால் பார்க்காமல் ஏற்காதீர்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. அடுக்கு பற்றிய விவரம் பெரும்பாலும் மென்பொருளின் தரவுத்தளத்தில்தான் இருக்கிறது, படக் கோப்பில் அல்ல. லைட்ரூமில் அது கேட்டலாக் எனும் அதன் தரவுத்தளத்தோடு நின்றுவிடும், படத்தோடு கூடவே போகும் எக்ஸ்எம்பி விவரத்தில் எழுதப்படாது. கேலரி மாறினால் உழைப்பு முழுவதும் போகும். ஆகவே உறவைக் கோப்பின் பெயரிலேயே வையுங்கள்: மூலத்தின் பெயரை அப்படியே விட்டு, எடிட் வடிவங்களுக்கு மட்டும் கடைசியில் ஓர் இடைக்கோடும் குறியீடும் சேர்த்தால், அடுக்கு வசதி உள்ள வேறு மென்பொருளுக்குப் போனாலும் பெயரைப் பார்த்து மீண்டும் அடுக்கிவிடலாம்.

புதிய கேலரிக்கு மாறும்போது மூன்று நகல் படங்களை அடுக்கி, பகிர்தல், பதிவிறக்கம், நீக்கம் மூன்றையும் முதலில் சோதியுங்கள். முகப்புப் படம் மட்டும் போகிறதா, அடியில் இருப்பதும் சேர்ந்து போகிறதா என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும்.