1971 பெல்ட்டா, 2002 பெல்ட்டா?

அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூடபிள்யூஇ-யின் டேக் டீம் (ஜோடி ஆட்ட) பட்டங்களில் மூத்தது 1971-இல் வந்தது; முதல் சாம்பியன்கள் லூக் கிரஹாம், டார்ஜான் டைலர். ஸ்மாக்டவுன் என்ற அதன் வார நிகழ்ச்சிக்கென 2002 அக்டோபரில் வந்த இளையதை முதலில் வென்றது கர்ட் ஆங்கிள், கிறிஸ் பென்வா ஜோடி. 2009-இல், அதன் ஆண்டுப் பெருவிழாவான ரெஸில்மேனியாவில் கார்லிட்டோவும் ப்ரிமோவும் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். மறு ஆண்டு ஆகஸ்டில் மூடப்பட்டதோ மூத்த பட்டம்!

பெயரை நம்பினால் கணக்கு தப்பும். 2024-இல் ரா என்ற மற்றொரு வார நிகழ்ச்சியின் பட்டத்துக்கு, மூத்ததன் பெயரான 'வேர்ல்ட்' என்று பெயர் வைத்தாலும் அதன் வம்சாவளி 2002-தான். இன்றைய 'டபிள்யூடபிள்யூஇ டேக் டீம்' பட்டம் 2016-இல் பிறந்தது. எதைத் தேடினாலும் தொடக்க ஆண்டைப் பாருங்கள்.

டெமோலிஷன் அணி 478 நாள் தொடர்ந்து பட்டம் வைத்திருந்த சாதனையை நியூ டே அணி 483 நாளில் முறியடித்ததாகக் கொண்டாடினார்கள். முன்னது 1971 பட்டம், பின்னது 2002 பட்டம். பாரம்பரியத்துக்கு எங்கள் ஓட்டு மூத்ததற்கே.